‘ராம் காணாது’ என்பது பாதிப் பொய்

வைஃபை நின்றுபோனால் எங்களில் அநேகம்பேர் செய்வது ஒன்றுதான்: லப்டொப்பை ஓஃப் பண்ணி ஓன் பண்ணுவது. வேலை செய்யும். ஏன் நின்றது, ஏன் திரும்ப வந்தது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. கேட்டால் கிடைக்கிற பதில், “பழைய மெஷின்தானே, ராம் காணாது.” இந்தக் கட்டுரை அந்தப் பதிலோடு சண்டை பிடிக்க எழுதப்படுகிறது. நான் கலைப்பீட மாணவி. மெய்யியலும் பொருளியலும் படிக்கிறேன், கணினி விஞ்ஞானம் இல்லை. ஆனாலும் வைஃபை ட்ரைவர் எழுதுகிறவர்கள் நினைவகத்தை எப்படிக் கேட்டு வாங்குகிறார்கள் என்று சில மாதமாக வாசித்துக்கொண்டு வருகிறேன். இது பொறியியல் பீடத்துக்கு மட்டும் விட்டுவிடக்கூடிய விஷயமாக எனக்குப் படவில்லை.

முதலில், யாருக்கு இது பிரச்சினை? எங்களுக்குத்தான். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டார்கள். இருநூறு ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. புது லப்டொப் என்ற கதையே பல வீடுகளில் அன்றோடு முடிந்தது. எங்கட பட்ச்சில் கனபேர் அண்ணனோ மாமாவோ பாவித்துத் தந்ததைத்தான் வைத்திருக்கிறோம். விண்டோஸ் 11க்கு ஆகக் குறைந்தது 4 ஜிபி ராமும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்தது. ஆகவே பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் ஒவ்வொருவராக லினக்ஸுக்கு வந்து சேருகிறார்கள். விருப்பத்தோடு இல்லை, வேறு வழி இல்லாமல்.

என்னுடையது 2 ஜிபி. மூடி வைத்துவிட்டுத் திறந்தால் சில நாட்களில் வைஃபை வராது. திருத்துகிற கடையில் இருந்த அண்ணை பார்த்த உடனே சொன்னார், “தங்கச்சி, ராம் போடோணும், இல்லாட்டி வேற எடுங்கோ.” நான் இரண்டும் செய்யவில்லை, காசும் இல்லை. கர்னல் தனக்கு நடப்பதையெல்லாம் எழுதி வைக்கிற பதிவொன்று இருக்கிறது. டிமெசேஜ் என்று டைப் பண்ணினால் காட்டும். அதில் ‘பேஜ் அலோகேஷன் ஃபெயிலியர்: ஓடர்:4’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே ஒரு நீண்ட கணக்கு. அந்தக் கணக்கின்படி அந்த நேரத்தில் அறுபது எம்பிக்கு மேல் ராம் சும்மா கிடந்தது. ட்ரைவர் கேட்டது 64 கிலோபைட். கேட்டதைப்போல ஆயிரம் மடங்கு அளவில் கையில் இருந்தும் கர்னல் ‘இல்லை’ என்று சொல்லியிருக்கிறது.

எப்படி? லினக்ஸ் நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வைக்கிறது. எங்கள் லப்டொப்களில் ஒரு பக்கம் 4 கிலோபைட். ஓடர் 4 என்றால் இரண்டின் நான்காம் அடுக்கு, அதாவது 16 பக்கங்கள், அதுவும் பக்கத்துப் பக்கத்தில். வவுனியாவில் ஏறுகிற குடும்பமொன்றை நினைத்துப் பாருங்கள். பஸ்ஸில் இருபது சீட் காலி. ஆனால் அங்கொன்று இங்கொன்று. ஆறு பேரும் ஒன்றாகத்தான் இருப்போம் என்று அவர்கள் அடம் பிடித்தால் அந்த பஸ்ஸில் அவர்களுக்கு இடமில்லை. சீட் காணாது என்று கொண்டக்டர் சொன்னால் அது பாதி உண்மை, பாதிப் பொய்.

சாதாரண மென்பொருளுக்கு இந்தத் தொல்லை இல்லை. பிரவுசர் பத்து எம்பி கேட்டால் கர்னல் சிதறிக் கிடக்கிற பக்கங்களைப் பொறுக்கி, ஒரே நீளமாக இருக்கிறமாதிரி ஒரு தோற்றத்தைக் காட்டிவிடும். வைஃபை சில்லுக்கு அந்தத் தோற்றம் அநேகமாகத் தெரியாது. அது ப்ரோசஸரைக் கேட்காமல் நேரடியாக ராமுக்குள் கைவைத்து எழுதுகிற சாதனம். உண்மையான முகவரிதான் அதற்கு வேண்டும், தொடர்ச்சியாக வேண்டும்.

இந்தப் பக்கங்களைக் கணக்கு வைக்கிற முறைக்குப் ‘படி’ முறை என்று பெயர், தோழன் முறை என்று சொல்லலாம். ஒரு துண்டை இரண்டாக உடைப்பார்கள், அதையும் இரண்டாக. திரும்ப ஒட்டும்போது தன் சோடித் துண்டோடு மட்டும்தான் ஒட்டலாம். சோடியில் ஒன்றை யாராவது பிடித்துக்கொண்டிருந்தால் மற்றது தனியாகவே கிடக்கும். இதை 1963இல் கண்டுபிடித்தவர் ஹரி மார்கோவிட்ஸ் என்று டொனால்ட் நூத் குறிப்பிடுகிறார். பொருளியல் படிக்கிறவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும்: முதலீட்டைப் பல இடங்களில் பிரித்துப் போடுவது பற்றிய கோட்பாட்டுக்காக 1990இல் நோபல் பரிசு வாங்கிய அதே மார்கோவிட்ஸ்தான். எங்கட விரிவுரையில் இந்தப் பக்கத்தை ஒருவரும் சொல்லவில்லை.

சரி, சிதறல் இருக்கிறது. அது இயற்கை, மெஷின் ஓட ஓடச் சிதறும். என் கேள்வி வேறு. ஏன் அந்த ட்ரைவர் 16 பக்கத்தை ஒரேயடியாகக் கேட்டது?

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஐபிடபிள்யூ2200. இன்டெல்லின் பழைய வைஃபை கார்டுக்கான ட்ரைவர். கார்டுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வெயாரை வைக்க அது ஓடர் 6 கேட்டுக்கொண்டிருந்தது. 64 பக்கம், 256 கிலோபைட், ஒரே துண்டாக. 2009இல், 2.6.30 கர்னல் காலத்தில், ஒருவர் இது தோற்றுப்போகிறது என்று பதிவோடு முறைப்பாடு செய்தார். திருத்தம் என்ன தெரியுமா? அந்தக் கார்டிலேயே 64 கட்டளை இடங்கள் ஏற்கெனவே இருந்தன. ஃபர்ம்வெயாரை 8 கிலோபைட் துண்டுகளாக வெட்டி, ஒவ்வோர் இடத்துக்கும் ஒன்றாகக் கொடுத்தார்கள். ஏற்றக்கூடிய ஆகக்கூடிய அளவு குறையவே இல்லை. கார்டை மாற்றவில்லை, ராம் போடவில்லை. அந்த வன்பொருளால் முதல் நாளிலிருந்தே துண்டு துண்டாக வாங்கியிருக்க முடியும். ஒரே துண்டாகக் கேட்பது எழுதுகிறவருக்கு லேசாக இருந்தது, அவ்வளவுதான். எழுதியவரின் மெஷினில் அது எப்போதும் கிடைத்திருக்கும்.

அதில் இன்னொரு குழப்பமும் இருந்தது. அந்தக் கேள்வி ‘அவசரம்’ என்ற முத்திரையோடு போனது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் கர்னல் எழுதுவதில் உள்ள ஆகப் பெரிய கட்டுப்பாடு இதுதான்.

கர்னலுக்குள் நினைவகம் கேட்கும்போது எப்படிக் கேட்கிறேன் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முக்கியமாக இரண்டு விதம். ஒன்று ஜிஎஃப்பி_கர்னல்: “இப்ப இல்லாட்டிப் பரவாயில்லை, நான் நித்திரை கொள்கிறேன், நீ யாரிடமாவது வாங்கி, எதையாவது டிஸ்குக்கு எழுதி, இடம் பண்ணிவிட்டு எழுப்பு.” மற்றது ஜிஎஃப்பி_அட்டோமிக்: “எனக்குக் கண்மூட ஏலாது. இருந்தால் தா, இல்லையென்றால் இல்லை என்று இப்பவே சொல்லு.” இரண்டாவதுக்காகக் கர்னல் கொஞ்சம் சேமிப்பு ஒதுக்கி வைத்திருக்கிறது. அது தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

எப்போது கண்மூட ஏலாது? ஒரு பூட்டைப் பிடித்திருக்கும்போது. ஸ்பின்லொக் என்கிற பூட்டு எங்கட ஹொஸ்டல் பாத்ரூம் மாதிரி. வெளியில் நிற்பவர்கள் போய்ப் படுத்துவிட்டுப் பிறகு வருவதில்லை, கதவைத் தட்டிக்கொண்டே நிற்பார்கள். உள்ளே போனவர் நித்திரையானால் முழு மாடியும் நின்றுவிடும். மற்றது, சில்லு “பொதி வந்துவிட்டது” என்று ப்ரோசஸரை இடைமறிக்கிற நேரம். அந்த நேரத்தில் ஓடுகிற கோட் யாருடைய வேலையையோ பாதியில் நிறுத்திவிட்டு ஓடுகிறது. அதற்கென்று சொந்தமாக ஒரு ப்ரோசஸ் கிடையாது. நித்திரையாக்க ஆளே இல்லை.

வைஃபை ட்ரைவரின் வாழ்க்கையில் பெரும்பகுதி இந்த இரண்டு நிலைமைக்குள்தான் போகிறது. பொதி வந்ததும் அது நிரம்பிய தாங்கியை மேலே அனுப்பிவிட்டு, வெறும் தாங்கி ஒன்றை அந்த இடத்தில் வைக்க வேண்டும். புதிதாக ஒன்று கிடைக்கவில்லை என்றால்? நல்ல ட்ரைவர் வந்த பொதியையே வீசிவிடும். பழைய தாங்கியைத் திரும்பவும் அதே இடத்தில் வைத்து அடுத்ததற்கு ஆயத்தமாகும். வீசியதை மறுமுனை திரும்ப அனுப்பும், டிசிபி அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் யூடியூப் ஒரு கணம் தயங்கும், நீங்கள் கவனிக்கக்கூட மாட்டீர்கள். இழப்பு வரும் என்று முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, எதை இழப்பது என்றும் தீர்மானித்து எழுதப்பட்ட கோட் அது. எனக்கு அந்தப் பகுதி உண்மையாகவே பிடிக்கும்.

பிடிக்காதது, நித்திரை கொள்ள முடிந்த இடத்திலும் அவசரம் அவசரம் என்று கேட்பது. ஃபர்ம்வெயார் ஏற்றுவது பெரும்பாலும் ஆறுதலாகச் செய்யக்கூடிய வேலை. ஆனால் ஐபிடபிள்யூ2200 பாவித்த பிசிஐ_அலொக்_கன்சிஸ்டென்ட் என்ற பழைய செயலி, கேட்கிறவர் சொல்லாமலே எல்லாக் கேள்விக்கும் அட்டோமிக் முத்திரை குத்தும். அந்தப் பழைய இடைமுகத்தை 2022இல்தான் கர்னலில் இருந்து முழுதாக நீக்கினார்கள். மறுபக்கத் தவறும் இருக்கிறது: கண்மூடக்கூடாத இடத்தில் நித்திரையாகிற கோட். 2018இல் சிங்ஹுவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைத் தானாகவே கண்டுபிடிக்க டிசாக் என்று ஒரு கருவி செய்தார்கள். தேவையில்லாமல் அட்டோமிக் கேட்கிற இடங்களையும் அதே குழு தேடித் திருத்தங்கள் அனுப்பியது. சலிப்பான வேலை. ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக மாற்றுகிற வேலை. ஆனால் எங்கள் மாதிரி மெஷின்களில் வித்தியாசம் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

இனி நான் உண்மையில் வாதாட விரும்புகிற இடம்.

2014 டிசம்பரில் கர்னல் எழுதுகிறவர்களுக்குள் ஒரு பழைய இரகசியம் பெரிய கதையாக வெளியே வந்தது. காத்திருக்கக்கூடிய கேள்வியாக, எட்டுப் பக்கத்துக்கு, அதாவது 32 கிலோபைட்டுக்கு மேற்படாமல் இருந்தால், நினைவக முகாமையாளர் நடைமுறையில் ‘இல்லை’ என்றே சொல்வதில்லை. கிடைக்கும்வரை திரும்பத் திரும்ப முயலும், வேண்டுமென்றால் வேறு ப்ரோசஸ் ஒன்றைக் கொல்லும். கோப்பு முறைமை எழுதுகிற சிலருக்கே இது தெரிந்திருக்கவில்லை. கேட்க நல்லதாக இருக்கும். ஆனால் ஒருவர் பூட்டைப் பிடித்துக்கொண்டு நினைவகம் கேட்கிறார். முகாமையாளர் கொல்லத் தெரிவு செய்த ப்ரோசஸ் சாவதற்கு அதே பூட்டு வேண்டும். அவர் இவருக்குக் காத்திருப்பார், இவர் அவருக்குக் காத்திருப்பார், மெஷின் உறைந்து நிற்கும்.

அப்போ அந்த உத்தரவாதத்தை எடுத்துவிடலாமே? எடுக்கப் பயந்தார்கள். காரணம், ‘இல்லை’ என்ற பதில் வந்தால் என்ன செய்வது என்று ஆயிரக்கணக்கான இடங்களில் எழுதி வைத்த வரிகள் ஒருநாளும் ஓடிப் பார்க்கப்படாதவை. அவை திடீரென்று ஓடத் தொடங்கினால் என்ன நடக்கும் என்று ஒருத்தருக்கும் தெரியாது.

அந்தப் பயம் நியாயமானதுதான், ஆனால் அதை ஆறுதலாக மாற்றிக்கொண்டது பிழை என்பது என் நிலைப்பாடு. மறுக்கப்படவே மாட்டோம் என்று தெரிந்தால் யாரும் மறுப்புக்கு ஆயத்தமாக மாட்டார்கள். வைஃபை ட்ரைவருக்குள்ளேயே இதைப் பார்க்கலாம். பொதி வாங்குகிற பகுதி அட்டோமிக்காகக் கேட்கிறது, நாளாந்தம் மறுக்கப்படுகிறது, ஆகவே அது நல்லாக இருக்கிறது. தொடக்கத்தில் ஒருதரம் ஓடுகிற ஆயத்தப் பகுதி மறுக்கப்படுவதே இல்லை. அங்கேதான் ஊழல். 2019இல் எம்வைஃபைஎக்ஸ், ஏத்9கே ட்ரைவர்களில் பாதுகாப்புக் குறைபாடு என்று பதிவான சில நினைவகக் கசிவுகளைப் பாருங்கள். இரண்டும் ஆயத்தப் பகுதிகள். பாதியில் ஒரு படி தோற்றால், அதுவரை வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமலே வெளியே வந்துவிடும். வெற்றி பெற்றால் எல்லாம் சரி. ‘தோற்கவே கூடாது’ என்று உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் வெளிப்படையாகச் சொல்வதற்குக் கர்னலில் நோஃபெயில் என்று தனி முத்திரை இருக்கிறது. சொல்லி வாங்கட்டும். சொல்லாமல் எல்லாருக்கும் கொடுப்பதுதான் ஆபத்து.

பொறியியல் பீடத்து நண்பன் ஒருத்தன் இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தான். “மச்சி, இப்ப எல்லாம் 16 ஜிபி. ரெண்டு ஜிபிக்காக யார் மினக்கெடுவான்?” அவன் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. எல்லாப் பழையதையும் தூக்கிக்கொண்டு போக ஏலாது. ரவுட்டர்களுக்கான ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டமே 32 எம்பி ராம் உள்ளவற்றை இப்போது கைவிட்டுவிட்டது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சிதறலுக்கு ஜிபி கணக்கு முழு மருந்து இல்லை. பல நாள் ஓஃப் பண்ணாமல் ஓடுகிற பெரிய மெஷினிலும் பெரிய துண்டு கிடைக்காமல் போகும். எங்களிடம் அது முதலில் தெரியும், அவ்வளவுதான்.

அதற்காக, வறுமைதான் நல்ல கோட் எழுத வைக்கும் என்கிற கதைக்கும் நான் ஆள் இல்லை. அது வசதி உள்ளவர்கள் சொல்கிற கதை. ஐபிடபிள்யூ2200 திருந்தியது யாரும் கஷ்டப்பட்டதால் அல்ல, ஒருவர் பதிவை வெட்டி ஒட்டி அனுப்பியதால். இந்தத் தோல்விகளை அதிகம் பார்க்கிறவர்கள் நாங்கள், முறைப்பாடு செய்யாதவர்களும் நாங்கள்தான். இங்கிலீஷ் பயம் ஒன்று. ‘எங்கட பழைய சாமானை ஆர் பார்ப்பினம்’ என்ற கூச்சம் இன்னொன்று.

பார்ப்பார்கள். 2019இல் சாதனங்களுக்கான நினைவக முகவரிகளைச் சரிபார்க்கும் விதியைக் கர்னல் இறுக்கியபோது, அப்பிளின் பழைய 32 பிட் பவர்புக் மெஷின்களில் வைஃபை நின்றுபோனது. அவற்றில் இருந்த ப்ரோட்கொம் சில்லுகளுக்கு 30 பிட் முகவரிதான் தெரியும். முதல் ஒரு ஜிபிக்கு அப்பால் உள்ள ராம் அவற்றின் கண்ணுக்கு இல்லாத ஊர். அப்பிள் அந்த வரிசையை நிறுத்தி அப்போதே பத்து வருடத்துக்கு மேல். ஆனாலும் முறைப்பாடு வந்தது, அந்த மெஷின்களுக்காக மட்டும் முதல் ஒரு ஜிபியைத் தனி வலயமாக ஒதுக்குகிற திருத்தமும் வந்தது. அந்தப் பிரச்சினையின் பின்னால் திரிந்தவர்களில் லாரி ஃபிங்கர் ஒருவர். அவர் கணினிக்காரர் இல்லை. கார்னகி நிறுவனத்தில் பளிங்குகளின் அமைப்பை ஆராய்ந்தவர், ஃபிங்கரைட் என்ற கனிமத்துக்கு அவருடைய பெயர்தான். ஓய்வுபெற்ற பிறகு வைஃபை ட்ரைவர் திருத்தத் தொடங்கி, 2024 ஜூனில் காலமாகும்வரை ஆயிரத்துக்கு மேற்பட்ட திருத்தங்கள் அனுப்பினார். ட்ரைவர் வேலை செய்யாத ஆட்களுக்கு மறுமொழி எழுதுவதும் அவர் வேலையாக இருந்தது.

அனுப்ப நினைக்கிறவர்களுக்கு: வைஃபை நின்ற உடனே, ரீஸ்டார்ட் பண்ணுவதற்கு முதல், டிமெசேஜ் பதிவை ஒரு கோப்பில் சேமியுங்கள். ரீஸ்டார்ட் பண்ணினால் அநேகமாக அது போய்விடும். கர்னல் பதிப்பு எண்ணையும், மெஷின் எத்தனை நாள் ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் எழுதுங்கள். ஓடர் என்று போட்ட வரியை மட்டும் வெட்டி அனுப்பாதீர்கள். அதற்குக் கீழே 4 கிலோபைட் துண்டு எத்தனை, 8 எத்தனை, 16 எத்தனை என்று போகிற வரிசையும் வேண்டும். என்னுடையதில் 64க்கு நேரே பூச்சியம் இருந்தது, அதற்கு மேலும் எல்லாம் பூச்சியம். இங்கிலீஷ் நாலு வசனம் காணும், மிச்சத்தை அந்த இலக்கங்கள் சொல்லும்.